வெள்ளைத் தளபதிக்கு ஒரு தெளிவான படம்

சலவைக்கடைக்காரன் தன் அக்காவைச் சாப்பிடக் கூப்பிட்டால் அதில் ஏதோ சங்கதி இருக்கிறது என்று தெருவுக்கே தெரியும். போகாத கறையோடு விலையுயர்ந்த துணி ஏதாவது வந்து மாட்டியிருக்கும், இல்லையென்றால் பெண்டாட்டியோடு வாக்குவாதம் முற்றி நடுவர் தேவைப்பட்டிருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டுமில்லை. அவன் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. அக்காவுக்கு அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது.

அக்கா கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள். ஊரில் பாதிப்பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். பழகுகிறவர்களின் காரில் அவள் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்து அவள் வலது காலுக்குத் தனியாக ஒரு புத்தி வந்துவிட்டது. சினிமாக் கொட்டகையிலோ பல் டாக்டர் நாற்காலியிலோ, எதிரே ஆபத்து தெரிந்தால் போதும், கால் தானாகத் தரையை அழுத்தும். அவளுக்கு பிரேக் அக்கா என்று பெயர் வந்தது அப்படித்தான். முகத்துக்கு நேரே அதைச் சொல்லும் தைரியம் தம்பி பெண்டாட்டிக்கு மட்டும்தான். அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். டாக்டர்களின் கையெழுத்தையே படிக்கிறவளுக்கு நாத்தனாரின் காலைப் படிக்க எவ்வளவு நேரமாகும்?

தட்டில் போட்டது பாதிகூட இறங்கவில்லை, தம்பி ஆரம்பித்தான்.

"அக்கா, கடைக்குப் புது போர்டு வைக்கப் போறேன். லைட்டெல்லாம் போட்டு."

"வை. பழசு வெளுத்துப் போயி பல்லை இளிக்குது."

"பல்லுன்னதும் ஞாபகம் வருது அண்ணி," என்றாள் தம்பி பெண்டாட்டி. "போன வாரம் ஒருத்தர் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நம்ம சலவைக்கடைக்குள்ள வந்து, டாக்டர் எப்ப வருவார்னு கேட்டார். போர்டுல இருக்கறது கடைவாய்ப்பல்லுன்னு நினைச்சிட்டாராம்."

போர்டில் இருப்பது பல் இல்லை. அது ஒரு வீரன். 'வெள்ளைத் தளபதி சலவையகம்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில், வெள்ளைக் கட்டங்களை அடுக்கிச் செய்த ஓர் உருவம். கையில் கதாயுதம். அக்கா தம்பி இருவரும் சின்ன வயதில் விளையாடிய வீடியோ கேமிலிருந்து தம்பியே கட்டம் கட்டமாக வரைந்து கொடுத்தது. அவனுக்கு அது வீரன். தலையணை என்றவர்களும் உண்டு, ஐஸ்கிரீம் என்றவர்களும் உண்டு.

"போர்டு செய்யறவர் இந்தப் படம் ஆகாதுன்னுட்டார்க்கா. தெளிவா ஒண்ணு கொடுங்கங்கறார். நாளைக்கு வந்து வாங்கிட்டுப் போவார்."

"அதுக்கென்ன, யாராவது வரையறவங்களைப் பிடி."

"எதுக்கு வரையணும்? தளபதியே நேர்ல வந்துட்டார்!" தம்பி இடது கையால் டிவியைக் காட்டினான். "நம்ம கேமைத் திரும்பப் போட்டிருக்காங்க. ரீமாஸ்டர். மூஞ்சி, துணி, மீசை எல்லாம் கண்ணாடி மாதிரி தெரியுமாம். அதைவிட விசேஷம், பேச்சு பூரா நமக்குப் புரியற மொழியிலயே இருக்கு. இனிமே நீ படிச்சுச் சொல்ற கஷ்டம் இல்ல."

மேசைக்கடியில் அக்காவின் வலது கால் தரையை அழுத்தியது.

காரணம் இல்லாமல் அழுத்துமா? அந்த கேம் கேசட்டை மாமா வெளிநாட்டிலிருந்து வரும்போது வாங்கி வந்தார். அட்டை அழகாக இருந்தது என்று வாங்கினார், என்ன மொழி என்று பார்க்கவில்லை. கேம் பெட்டியில் போட்டால் திரை முழுக்க ஜன்னல் கம்பியும் கோழிக்கிறுக்கலுமாக எழுத்து ஓடியது. தம்பி அப்போது சின்னப் பையன், அழவே ஆரம்பித்துவிட்டான். அக்கா உயர்நிலைப் பள்ளி. "அழாதடா, எனக்கு இந்த மொழி தெரியும். பள்ளிக்கூடத்துல சொல்லித் தராங்க," என்று ஒரு போடு போட்டாள். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு நம்பினான்.

அன்றிலிருந்து அவன் ஜாய்ஸ்டிக்கை அழுத்துவான், அவள் படிப்பாள். படிப்பாவது ஒன்றாவது, வாய்க்கு வந்ததை அடித்துவிடுவாள். அதையும் சும்மா செய்யவில்லை. ஒரு நாள் கதைக்கு அவளுடைய பள்ளிச் சீருடைக்கு அவன் இஸ்திரி போட்டுத் தர வேண்டும். காலரில் சுருக்கம் இருந்தால் கதை பாதியில் நிற்கும். பையன் இஸ்திரிப் பெட்டியோடு மல்லாடி, பெரியவர்களே மூக்கில் விரல் வைக்கும்படி தொழில் கற்றுக்கொண்டான். பின்னாளில் அவன் சலவைக்கடை வைத்தபோது, பிறவிக் கைராசி என்று உறவுக்காரர்கள் மெச்சினார்கள். அக்கா வாயைத் திறக்கவில்லை.

வெள்ளைத் தளபதி அவள் பெற்ற பிள்ளை. மலைப்பாலத்தின் முனையில் கதாயுதத்தோடு நிற்பவர். அவரிடம் பேசினால் கதாநாயகனின் சிவப்புக் கோடு, அதாவது உயிர், முழுதாக நிரம்பும். தளபதியின் ஆசீர்வாதம் என்றாள் அக்கா. அவர் நிற்கும் இடத்தில் மட்டும் பூதங்கள் தலைகாட்டா. அவருக்குப் பயந்து என்றாள். 'பாலத்தை விட்டு ஓர் அடி பின்வாங்க மாட்டேன்' என்று அவர் வாயில் ஒரு வசனத்தையும் வைத்தாள். தம்பி அதைப் பிடித்துக்கொண்டவன்தான். எதிர்ச்சாரியில் பெரிய கம்பெனி ஒன்று கண்ணாடிக் கதவும் ஏசியுமாகச் சலவைக்கடை திறந்தபோது, எல்லாரும் கடையை மாற்றச் சொன்னார்கள். "தளபதி பின்வாங்க மாட்டார்," என்று அவன் அங்கேயே நின்றான். கம்பெனிதான் கடைசியில் மூட்டை கட்டியது.

அந்த வசனம் பரீட்சைக்குப் படிக்காமல் ஏய்த்த ஒரு சாயங்காலத்தில், காலர் நன்றாக வந்திருந்த சந்தோஷத்தில் விட்ட கதை என்பது இத்தனை வருஷத்தில் யாருக்கும் தெரியாது. இன்னும் சற்று நேரத்தில் தெரிந்துவிடும். உலகத்தில் அக்கா சொன்னால் சரி என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஒரே ஆள் இவன். அவள் புருஷனே அவள் மணி சொன்னால் கடிகாரத்தைப் பார்க்கிறவர்.

"சாப்பிட்ட உடனே டிவி பார்த்தா கண்ணுக்குக் கெடுதல்டா," என்றாள்.

"யார் சொன்னா?" என்றாள் மருந்துக்கடைக்காரி.

"எனக்கு நாலு மணிக்கு கிளாஸ் இருக்கு."

"ஞாயித்துக்கிழமையா? எந்தப் பாவப்பட்ட ஜென்மம் அண்ணி வருது?"

அதற்குள் தம்பி சோபாவுக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாயிற்று. வேறு வழியில்லாமல் அக்கா சோபாவில் அமர்ந்தாள். தம்பி பெண்டாட்டி பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொண்டாள். "நான் சத்தமா படிக்கறேன். உங்களுக்கு ரெஸ்ட்டு."

திரை மினுமினுத்தது. புல் அசைந்தது, ஓடையில் வெயில் தெரிந்தது. தம்பி கைதட்டினான். ஊர் வாசலில் தாடிக்காரன் ஒருவன் நின்றிருந்தான்.

"பார்த்தியா, ராஜதுரோகி மந்திரி!" என்று தம்பி மனைவிக்கு அறிமுகம் செய்தான். "இவன்கிட்ட பேசவே கூடாது. பேசினா சாபம். அப்படித்தானேக்கா?"

"ஆமா, பேசாம போயிடு. விறுவிறுன்னு போ."

"பேசித்தான் பார்ப்போமே," என்று தம்பி பெண்டாட்டி எட்டிப் பொத்தானை அழுத்தினாள். பிறகு கணீரென்று படித்தாள். "'வாங்க தம்பி, மலைக்குப் போறீங்களா? நல்ல கம்பளிச் செருப்பு இருக்கு. முதல் ஜோடி இனாம்.'"

தம்பி திரையை இன்னொரு தரம் உற்றுப் பார்த்தான்.

"செருப்புக் கடையா?" என்றான் தம்பி. "அப்ப நான் பனிமலையை வெறுங்காலோட ஏறினது...?"

பாவம், உண்மைதான். அடிக்கு அடி சிவப்புக் கோடு குறைய, செத்துச் செத்துப் பிழைத்துத்தான் ஏறினான். தளபதி உன்னைச் சோதிக்கிறார் என்று அக்கா அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தாள்.

அடுத்தது கோபுரத்து இளவரசி. சிறைப்பட்ட துயரத்தில் அவள் அழுவதாக அக்கா படித்தபோது தம்பியும் கூட அழுதிருக்கிறான். இப்போது இளவரசி சன்னல் வழியே குனிந்து, 'கீழே விழுந்த என் சீப்பைக் கொஞ்சம் எடுத்துத் தர முடியுமா?' என்றாள்.

தம்பி பெண்டாட்டி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அக்காவின் கால் தரையை விட்டு எழும்பவே இல்லை. தம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேகவேகமாக மலையேறினான், இந்த முறை செருப்போடு.

பாலம் வந்தது. மூடுபனி விலகியது. முனையில் வெள்ளை உருவம்.

கண்ணாடி மாதிரி தெரியும் என்று சொன்னது பொய்யில்லை. தொந்தி தெரிந்தது. தொந்தியின் மேல் கட்டிய வெள்ளை ஏப்ரன் தெரிந்தது, அதில் மஞ்சளாக ஒரு கறைகூடத் தெரிந்தது. கதாயுதம் இருந்த இடத்தில் நீளக் கரண்டி. பின்னால் அடுப்பில் ஆவி பறக்கும் அண்டா.

தம்பி பெண்டாட்டியே இப்போது தணிந்த குரலில்தான் படித்தாள். "'சூடா சூப் இருக்கு, குடிச்சுட்டுப் போப்பா. ஆறிடப் போகுது.'"

கதாநாயகன் குடித்தான். சிவப்புக் கோடு நிரம்பியது.

தம்பியின் காது மடல் சிவந்தது. சின்ன வயதிலும் அழுகைக்கு முன்னால் அப்படித்தான் சிவக்கும். அக்காவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"டேய், இங்க பாரு. நான் வந்து..."

"மாத்திட்டாங்கக்கா!" என்று வெடித்தான் தம்பி. "கெடுத்து வச்சிருக்காங்க! புதுசாப் போடறேன்னு சொல்லிட்டு அசல் கதையையே தூக்கிட்டு, சூப்பாம், சீப்பாம், செருப்பாம்! இந்தக் காலத்துப் பசங்களுக்கு வீரமெல்லாம் புரியாதுன்னு நினைச்சிட்டாங்க. கம்பெனிக்காரனுக்கு எழுதிப் போடறேன் பாரு!"

அக்காவுக்கு மூச்சு வந்தது. கால் தரையை விட்டது. பேசாமல் இருந்திருந்தால் மானம் மரியாதையோடு வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் இருக்க முடிந்தால்தானே?

"தளபதி மாதிரி ஒரு ஆளை உருவாக்கினவன் எப்பேர்ப்பட்ட மூளைக்காரன்!" என்று தம்பி புலம்பிக்கொண்டிருந்தான். "எங்கேயோ ஒரு மூலையில உட்கார்ந்து எழுதியிருக்கான், மகராசன். அவன் கதையை இப்படிச் சமையல்காரன் ஆக்கிட்டாங்களே."

மகராசன். அக்காவின் முகம் சுருங்கியது.

"அவன் எழுதலடா. நான் சொன்னது."

"என்ன சொன்னே?"

"எல்லாமே. தளபதி, பாலம், பின்வாங்க மாட்டேன், எல்லாம். எனக்கு அந்த மொழியில ஒரு எழுத்துகூடத் தெரியாது. நானா கட்டிவிட்டது."

தம்பி அவளை மேலும் கீழும் பார்த்தான். பிறகு சிரித்தான். "ஆறுதலுக்குச் சொல்றியா? விடுக்கா. உனக்கேது அவ்வளவு கற்பனை? லீவு லெட்டர் எழுதணும்னாலே என்கிட்டதான் வருவே."

"டேய், சத்தியமா நான்தான்!"

"அடுத்தவன் உழைப்பை நம்மதுன்னு சொல்லக்கூடாதுக்கா. தப்பு."

பிடிபடுவோமே என்று மத்தியானம் முழுக்க நடுங்கியவள், இப்போது பிடிக்க ஆளில்லையே என்று பல்லைக் கடித்தாள். "ஏண்டி, நீயாவது சொல்லேன்!" என்று தம்பி பெண்டாட்டியின் பக்கம் திரும்பினாள். செருப்புக் கடையிலேயே எல்லாவற்றையும் புரிந்துகொண்டவள் அவள். நியாயமாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஜாய்ஸ்டிக்கைக் கையில் வாங்கி எதையோ நோண்டினாள்.

"இங்க ஒண்ணு போட்டிருக்கு. 'பழைய படம், பழைய மொழி'ன்னு. அழுத்தினா முன்ன இருந்த மாதிரியே ஆயிடுமாம்." அழுத்தினாள்.

தொந்தி போயிற்று. அண்டா போயிற்று. பாலத்தின் முனையில் வெள்ளைக் கட்டங்களாக, கதாயுதத்தோடு, தளபதி நின்றார். அடியில் ஜன்னல் கம்பியும் கோழிக்கிறுக்கலும் ஓடின.

"இதுதான் அசல்!" தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். "போர்டுக்கு இதே கட்டம்தான். பல்லுன்னா பல்லுன்னு இருக்கட்டும். நீ படிக்கா."

"எதைடா படிக்க?"

"என்ன எழுதியிருக்கோ அதை. இதுக்கு அப்புறம் நாம போனதே இல்லையே? அதுக்குள்ள கேம் பெட்டி புகைஞ்சு போச்சே. தளபதி பாலத்துலயே நிக்கறார், இத்தனை வருஷமா."

அக்கா எழுத்தைப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள். "'வீரனே, வருக...'"

"வீரனேன்னு சொல்ல மாட்டார். 'வந்துட்டியா பொடியா'ன்னுதான் சொல்வார்."

"ஆமாமா. 'வந்துட்டியா பொடியா. நீ வர வரைக்கும் பாலத்தைப் பார்த்துக்கறேன்னு சொன்னேன், பார்த்துக்கிட்டேன். இப்ப கேளு. அந்தப் பக்கம் இருக்கறது பூதம் இல்ல. இத்தனை நாளா உன்கிட்ட ஒண்ணை மறைச்சிட்டேன். அந்தப் பக்கம் இருக்கறது என்னோட...'"

நிறுத்தினாள்.

"என்னோட?" என்றான் தம்பி.

"என்னோட என்ன அண்ணி?" என்றாள் தம்பி பெண்டாட்டி. முந்தானை வாயிலிருந்து எப்போதோ நழுவியிருந்தது.

அக்கா சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். கைப்பையைத் திறந்து, நாளைக்கு வேலைக்குப் போட வேண்டிய சட்டையைக் கசங்கிய சுருளாக வெளியே எடுத்தாள்.

தம்பி எழுந்திருக்கப் போனான். அவனைத் தோளில் அழுத்தி உட்கார வைத்துவிட்டுத் தம்பி பெண்டாட்டியே சட்டையை வாங்கிக்கொண்டு போனாள். உள்ளே இஸ்திரிப் பெட்டி சுடும் வாசனை வந்தது. கொஞ்ச நேரத்தில் சட்டையை விரலில் தொங்கவிட்டபடி ஓட்டமாக வந்தாள். "ஆச்சு, சொல்லுங்க."

அக்கா சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கழுத்துப் பக்கம் கண்ணைக் கொண்டுபோனாள்.

"காலர்ல சுருக்கம்."

"அண்ணீ!"

"தளபதிக்கு ஒண்ணும் அவசரமில்லம்மா. அவர் நிப்பார்."