முதல் வரிசையில் நான் சிரித்தது

இரண்டாயிரத்து இருபத்து நான்காம் ஆண்டு செப்டம்பர் மாதம் பதினான்காம் நாள், சனிக்கிழமை மாலை ஏழு மணியளவில், சலவை நிலையம் ஒன்றின் மாடியிலுள்ள சிறிய அறையில், முதல் வரிசையின் நடு நாற்காலியில் அமர்ந்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். என்னை அறிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். நம்பாமலிருக்க அவர்களிடம் தகுந்த காரணங்களும் உள்ளன. ஆகவே நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் பாடநூல் பதிப்பகம் ஒன்றில் அச்சுப் பிழை பார்க்கும் மெய்ப்புத் திருத்துநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள். என் தங்கையைச் சின்னவள் என்றுதான் அழைப்போம். அவளுக்குப் பேரப்பிள்ளைகள் வந்த பிறகும் அவள் சின்னவள்தான். பெரிய மருத்துவமனை ஒன்றின் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவள். இப்போது இருவரும் ஒரே வீட்டில் குடியிருக்கிறோம்.

சனிக்கிழமைதோறும் ஸ்டாண்ட்-அப் காமெடி பார்க்கப் போகும் பழக்கம் அவளால் வந்தது. ஒருவர் தனியாக மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்று, தம் வீட்டு அவமானங்களை முன்பின் அறியாதவர்களிடம் எடுத்துச் சொல்லிச் சிரிக்கவைக்கும் கலை அது. தொடக்கத்தில் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் ஒன்றைச் சரியில்லை என்று முறையாகச் சொல்லவேண்டுமானால் அதை முழுமையாகப் பார்த்திருக்கவேண்டும். அந்த ஒரே காரணத்துக்காக நான் ஒரு நிகழ்ச்சியையும் தவறவிடவில்லை.

சின்னவள் எல்லாவற்றுக்கும் சிரிப்பாள். மைக் வேலை செய்கிறதா என்று ஊதிப் பார்க்கும்போதே சிரித்துவிடுவாள். நான் சிரிப்பதில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் கீழே இறங்கி, சுழன்றுகொண்டிருக்கும் சலவை இயந்திரங்களுக்கு எதிரே உள்ள நீள பெஞ்சில் அமர்ந்து, அன்று பேசியவர்களில் தேறியவர் யார், ஏமாற்றியவர் யார் என்று தீர்ப்புக் கூறுவோம். அவள் வாதாடுவாள், தீர்ப்பு என்னுடையது.

எனக்குப் பிடித்தவர் ஒருவரே. அவர் செவிலி. கைகளைச் சட்டைப் பைகளில் விட்டுக்கொண்டு, நின்ற இடத்தைவிட்டு அசையாமல் பேசுவார். "ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சவர் என்னைப் பாத்து முதல்ல கேட்டது, 'என் செருப்பு எங்கே?' குடல்ல பாதி போயிருச்சு. அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல," என்றார் ஒருநாள். எனக்குள் ஏதோ ஒன்று கிளம்பி மேலே வந்தது. அதை நான் இருமலாக மாற்றினேன். சின்னவள் மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

ஏமாற்றியவர்கள் பலர். முதலிடம் நாங்கள் தொப்பிக்காரர் என்று அழைக்கும் ஒருவருக்கு. கைப்பேசியில் அவருடைய பேச்சை நாங்கள் மனப்பாடமாகும்வரை பார்த்திருந்தோம். அவர் பெரிய அரங்குக்கு நேரில் வந்தபோது வரிசையில் நின்று சீட்டு வாங்கிப் போனோம். கைப்பேசியில் எங்கே நிறுத்தினாரோ அங்கேயே நிறுத்தினார். எந்தச் சொல்லை மறந்துவிட்டு நெற்றியைச் சொறிந்தாரோ அதே சொல்லை மறந்து அதே நெற்றியைச் சொறிந்தார். அச்சுப் பிழைகளைக்கூட மாற்றாமல் மறுபதிப்புப் போட்டதைப்போல இருந்தது. அடுத்த இடம் விசாரணைக்காரருக்கு. அவருக்குச் சொந்தமாகச் சொல்ல எதுவும் கிடையாது. பார்வையாளர்களிடம் ஊர், தொழில், கல்யாணம் ஆனதா என்று கேட்டே நேரத்தை ஓட்டிவிடுவார். ஒருமுறை என்னிடமும் வந்தார்.

"மேடம், நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருக்கீங்க?"

"காத்துக்கிட்டு இருக்கேன். நீங்க எப்போ ஆரம்பிப்பீங்க?"

அறை ஏன் அப்படி அதிர்ந்தது என்று எனக்கு அன்று விளங்கவில்லை. நியாயமான கேள்வியைத்தான் கேட்டிருந்தேன்.

இந்நிலையில், அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய புதன்கிழமை, நான் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது சின்னவள் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, வர்ற சனிக்கிழமை நானும் பேசப் போறேன்."

"யாரோட?"

"யாரோடயும் இல்ல. மேடையில. கண்ணாடிக்கடைக்காரர்கிட்ட கேட்டுட்டேன்."

கண்ணாடிக்கடைக்காரர் என்பவர் அந்த அறையில் நிகழ்ச்சியை நடத்தும் இளைஞர். பகலில் மூக்குக்கண்ணாடி விற்பவர். புதியவர்களுக்கு ஒரே ஒரு வாய்ப்புத் தருவார். அறை சிரித்தால் மாதந்தோறும் ஓர் இடம் உண்டு; சிரிக்காவிட்டால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்.

"உனக்கு எதுக்குடி இந்த வேலையெல்லாம்?" என்றேன்.

அவள் மடித்துவைத்த துண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வேண்டுமென்றே செய்யவில்லை, கை அதுவாகச் செய்தது.

"வேலைல இருந்தவரைக்கும் நாள் பூரா பேசினேன்கா. 'இருங்க, இணைக்கிறேன்.' 'லைன்லயே இருங்க.' அவ்வளவுதான் பேச்சு. யாரும் எங்கிட்ட பேச போன் பண்ணல, என்னைத் தாண்டிப் போகத்தான் பண்ணாங்க. ஒரு தடவையாவது நாலு பேரு உக்காந்து நான் சொல்றத, எனக்குன்னு கேக்கட்டுமே. இது போச்சுன்னா இன்னொரு தடவை கேக்க எனக்குத் தைரியம் வராது."

அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. துண்டை வாங்கி மறுபடி மடித்தேன்.

"எழுதி வெச்சிருக்கியா? குடு, பாக்கறேன்."

"தரமாட்டேன். நீ பாத்தா அதுல சிரிப்பு போயிரும், காற்புள்ளிதான் மிஞ்சும். நீ ஒன்னும் செய்ய வேண்டாம். வந்து முதல் வரிசையில உக்காரு. எப்பவும் போல இரு. அது போதும்."

இந்த இடத்தில்தான் நான் தவறிழைத்தேன். விருந்துக்கு அழைப்பவர்கள் வெறுங்கையோடு வந்தால் போதும் என்பார்கள். நாமும் பழம் வாங்கிக்கொண்டுதான் போவோம். அவள் சொன்னதையும் அவ்வகை மரியாதைப் பேச்சாக எடுத்துக்கொண்டேன். கூடப்பிறந்தவள் மேடையேறும்போது நான் உம்மென்று உட்கார்ந்திருப்பதா? சிரிப்பது என்று முடிவு செய்தேன்.

எந்தச் செயலுக்கும் முன்தயாரிப்பு வேண்டும். குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கண்ணாடியின் முன் நின்று, உரக்க ஒன்று, நடுத்தரமாக ஒன்று, மென்மையாக ஒன்று எனச் சிரித்துப் பார்த்தேன். சிறிது நேரத்தில் வாசற்கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுத் தையற்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே ஓடி வந்திருந்தார்.

"மேல யாருக்காச்சும் மூச்சு முட்டுதாம்மா? டாக்டரைக் கூப்பிடவா?"

"ஒன்னுமில்ல. சிரிச்சுப் பாத்தேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களா?"

"சனிக்கிழமைக்குத் தேவைப்படுது."

"சரிம்மா," என்று சொல்லிவிட்டு, பின்பக்கமாகவே இரண்டு படி இறங்கிய பிறகுதான் திரும்பினார். மூன்றில் நடுத்தரமானதையே தேர்ந்தெடுத்தேன்.

இன்னொரு சிக்கல் இருந்தது. காது கொடுத்துக் கேட்டால் எனக்குக் குறைகள் தென்படும். குறை தென்பட்டால் முகம் சுளிக்கும். சுளித்த முகத்தோடு சிரிக்க இயலாது. இதற்கு என் தொழிலிலேயே வழி கிடைத்தது. மெய்ப்புப் பார்ப்பவர் பொருளில் இறங்கிவிடக் கூடாது. இறங்கினால் எழுத்து கண்ணில் படாது. முழுப் பாடநூலையும் திருத்தி முடித்துவிட்டு, அதில் என்ன இருந்தது என்று கேட்டால் பதில் தெரியாமல் விழித்திருக்கிறேன். அதே முறையைக் கையாள முடிவு செய்தேன். சின்னவள் என்ன சொல்கிறாள் என்பதைக் கவனிக்காமல், வாக்கியம் எங்கே முடிகிறது என்பதை மட்டும் கவனிப்பது. முடியும் ஒவ்வோர் இடத்திலும் சிரிப்பது. இதைக் கண்டுபிடித்தபோது என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

சனிக்கிழமை வந்தது. அறை நிறைந்திருந்தது. கீழே இயந்திரங்கள் சுழன்றதால் நாற்காலிகளின் கால்கள் இலேசாக நடுங்கின. சின்னவள் தன் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு மேடையேறினாள். மைக் அவள் நெற்றிக்கு நேராக இருந்தது. இறக்கத் தெரியாமல் கழுத்தை நீட்டிக்கொண்டாள். பிறகு பேச ஆரம்பித்தாள். முதல் வாக்கியம் முடிந்தது. நான் சிரித்தேன்.

அவள் ஒரு கணம் நின்றாள். தொடர்ந்தாள். வாக்கியம் முடிந்தது. நான் சிரித்தேன். பின்னாலிருந்து யாரும் சேர்ந்து சிரிக்காததால் சற்று உரக்கச் சிரித்தேன். அவள் என்னைக் கைகாட்டி ஏதோ சொன்னாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எனக்குத் தரப்பட்ட சிறப்பு என்று கருதி, பற்கள் தெரிய, எல்லாப் பக்கமும் திரும்பிச் சிரித்தேன். அறையின் கடைசியிலிருந்து ஒருவர், "நல்லாத்தானேங்க சிரிக்கிறாங்க, பாவம்!" என்றார். சின்னவளின் முகம் வெளுத்தது. நேரம் முடியப்போவதற்கு அடையாளமாகக் கண்ணாடிக்கடைக்காரர் கைப்பேசி விளக்கைக் காட்டுவதற்குள் அவளே முடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். பணி ஓய்வுபெறுபவருக்குத் தட்டும் கைதட்டல் அது.

கீழே பெஞ்சில் அவள் எதிரே சுழலும் துணிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா சிரிச்சேனா?" என்றேன்.

"எப்பவும் போல இருன்னுதானே சொன்னேன்?"

"உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னுதான்..."

"நான் என்ன பேசினேன்னாவது தெரியுமா உனக்கு?"

தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். அவள் சொன்னாள். அவள் பேசியது முழுவதும் என்னைப் பற்றி. 'எனக்கு ஒரு அக்கா. அதோ, முதல் வரிசையில இருக்காங்க. அந்த முகத்துல சிரிப்பைப் பாத்தவங்க யாராச்சும் இருந்தா கை தூக்குங்க.' அதுதான் தொடக்கம். 'என் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தப்ப அக்கா கண்ணாடியப் போட்டுக்கிட்டு அதுல ஒரு பிழையக் கண்டுபிடிச்சாங்க. என் பக்கத்துல நின்ன பிழைய விட்டுட்டாங்க. இதுக்காவது சிரிக்கிறாங்களா, பாருங்க.' ஒவ்வொரு துணுக்கின் முடிவிலும் என்னைக் காட்டவேண்டும், நான் கல்லைப்போல இருக்கவேண்டும், அறை வெடிக்கவேண்டும். அதற்காகவே என்னை முதல் வரிசையில் உட்காரவைத்திருந்தாள். அவள் காட்டியபோதெல்லாம் நான் குதூகலமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"மொத்த ரூமும் என்னைப் பொய்க்காரின்னு நினைச்சிருச்சு," என்றாள். "நாம நேர்ல பாத்து ஏமாந்த ஆளுங்கள்ல தொப்பிக்காரரெல்லாம் எவ்வளவோ தேவலாம். நீதான்கா முதலிடம்."

தீர்ப்புக் கூறும் உரிமை அன்று என்னிடம் இல்லை. அப்போது கண்ணாடிக்கடைக்காரர் படியிறங்கி வந்து அவளிடம் கை நீட்டினார்.

"நல்லா இருந்துச்சுமா. ஆனா நம்பற மாதிரி இல்ல. அக்கா சிரிக்கவே மாட்டாங்கன்னு சொல்றீங்க, அவங்க ரொம்ப ஜாலியான ஆளா இருக்காங்களே. பொய்யா இருந்தா ஜனங்களுக்கு ஒட்டாது. ஒரு வாய்ப்புதான் தர்றது. மன்னிச்சுக்குங்க."

என்னை ஜாலியான ஆள் என்று இதற்கு முன் எவரும் சொன்னதில்லை. சின்னவள் அந்தக் கையைப் பிடிக்கப் போனாள். நான் எழுந்தேன்.

"தம்பி, கைய எடுங்க. முதல்ல நான் சொல்றத முழுசா கேளுங்க. நடுவுல பேசக்கூடாது. அவ சொன்னது எல்லாம் உண்மை. சிரிச்சது என் தப்பு, அத அவ கணக்குல எழுதக் கூடாது. அப்புறம், ஆறரைன்னு போட்டுட்டு எதுக்குக் கால் மணி நேரம் தாமதம்? அவ உயரத்துக்கு மைக்க இறக்கி வெக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா? உங்க உயரத்துக்கு நாங்க எல்லாம் கழுத்த நீட்டிப் பேசணுமா? மூணாவது வரிசையில ஒரு நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. வாரா வாரம் பாக்கறேன், வாரா வாரம் ஆடுது. வாய்ப்பு ஒன்னுதான்னு சட்டம் பேசற ஆளு, நாற்காலிக்கு நாலு காலும் ஒரே அளவா இருக்கணும்ங்கற சட்டத்த மட்டும் எப்படி மறந்தீங்க? ஏன் சிரிக்கிறீங்க? நான் சிரிக்கிற மாதிரி எதுவும் சொல்லல."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். துணிகளை எடுக்க வந்திருந்த இருவரும் சிரித்தார்கள். அவர் கண்களைத் துடைத்தபடி சின்னவளிடம் கேட்டார்.

"இவங்களா அந்த அக்கா?"

"இவங்கதான்," என்றாள் அவள். "நான் சொன்னது கம்மி."

"மேல இருந்தது யாரு அப்போ?"

"அது யாருன்னு எனக்கும் தெரியல தம்பி. நானும் இன்னைக்குத்தான் பாத்தேன்."

அவர் என்னை நோக்கி, "மேடம், இந்த முகத்த ஏன் வீட்டுலயே வெச்சுட்டு வந்தீங்க?" என்றார். சிரிக்கவேண்டியிருந்தது என்றேன். அதற்கும் அவர்கள் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள், மைக் ஊதுவதற்குச் சிரிக்கும் அதே சிரிப்பு. அதைக் கேட்ட பிறகுதான் நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அங்கேயே முடிவு செய்யப்பட்டவை வருமாறு. சின்னவளுக்கு இன்னொரு வாய்ப்பு. அக்டோபர் ஐந்தாம் நாள், சனிக்கிழமை. மாதாந்தர இடம் பற்றி அன்றைய சிரிப்பைப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கடைக்காரர் சொல்வார். அவள் எழுதிவைத்திருப்பதை நான் கேட்கவோ பார்க்கவோ கூடாது. முதல் வரிசையின் நடு நாற்காலியில் நான் அமர்வேன். அவள் பேசும் ஒவ்வொரு சொல்லையும் பொருளோடு கவனிப்பேன். முகத்துக்கு முன்தயாரிப்பு எதுவும் செய்யமாட்டேன்.