பூட்டில்லாத பதிப்பு

எந்த அலுவலகத்தில் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் அவள் வேலை பார்த்த கம்பெனியின் கணக்கு மென்பொருள்தான் முதலில் கண் விழிக்கும். அந்தத் திமிரிலேயே கம்பெனி காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. செல்போன்கள் பெருகத் தொடங்கியபோது, அவற்றிலும் ஓடும்படி அதை எழுதிக் காட்டினாள் அவள். அந்தப் போன்களைத் தயாரிப்பது போட்டிக் கம்பெனி. எதிராளி வீட்டுக்கு நாமே விளக்கேற்றுவதா என்று கேட்ட மேலாளர், அவளைத் தூக்கிப் பிரிண்டர் பிரிவில் போட்டார். காகிதம் சிக்கினால் திரையில் என்ன வாசகம் வர வேண்டும் என்பதே பல வருஷம் அவள் கவலையாக இருந்தது.

அந்தப் போட்டிக் கம்பெனியில்தான் தம்பிக்கு வேலை. சாப்பிட வரும்போதெல்லாம், உங்கள் கடை இன்னும் திறந்திருக்கிறதா என்று சீண்டுவான். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். ஆனால் கல்லூரியில் படிக்கும் அவன் மகள் ஒருநாள் யதார்த்தமாகக் கேட்டது சுருக்கென்று தைத்தது.

"உங்க சாஃப்ட்வேர் வயசானவங்க ஆபீஸ்ல வச்சிருக்கறதுதானே அத்தை? எங்க செட்ல யாரும் பார்த்ததுகூட இல்ல."

சந்தை கைநழுவுவது மேலிடத்துக்கும் உறைத்தது. புதிதாக வந்த தலைவி, இனி எல்லாப் போனிலும் நாம் இருக்க வேண்டும் என்றார். இதற்குள் துணைத் தலைவராகிவிட்ட பழைய மேலாளர் பிரிண்டர் பிரிவுக்கே இறங்கி வந்தார். அன்று தூக்கி எறியச் சொன்ன போன் பதிப்பை வைத்திருக்கிறாயா என்று, ஒன்றும் நடக்காதது போலக் கேட்டார். வைத்திருந்தாள். நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு முடித்தும் கொடுத்தாள்.

அப்போதுதான் அவர் இன்னொன்று கேட்டார். இதில் போட்ட கணக்கு வேறு எவருடைய மென்பொருளிலும் திறக்கக் கூடாது. வந்தவன் திரும்பிப் போக வழி இருக்கக் கூடாது; அப்படி ஒரு பூட்டு வேண்டும். முடியாது என்றாள். வேலை போகும் என்று அவர் சாடையாகச் சொன்னார். வீட்டில் சொன்னபோது கணவன் சிரித்தான். பிரிண்டருக்குக் கீழே இன்னும் என்ன பிரிவு மிச்சமிருக்கிறது என்றான்.

விஷயம் தலைவியிடம் போனது. எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் எழுந்து நின்று பேசினாள்.

"பூட்டைப் பார்த்தா இப்ப யாரும் உள்ளயே வரமாட்டாங்க மேடம்."

"தொறந்து விட்டா எல்லாரும் போயிடுவாங்க. யார் பொறுப்பு?" என்றார் துணைத் தலைவர்.

"போறவங்க போகட்டும் சார். நல்லா இருந்தா திரும்பி வருவாங்க. நல்லா இல்லாததைப் பூட்டி வச்சு என்ன பிரயோஜனம்? பூட்டுதான் வேணும்னா வேற ஆளை வச்சு எழுதிக்கோங்க. நான் எழுதமாட்டேன்."

தலைவி அந்த நான்கு பேரையும் பார்த்தார். தாங்களும் எழுத மாட்டோம் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கடைசியில் தலைவி பூட்டில்லாமலே வெளியிடச் சொன்னார். தோற்றால் பழி உன் தலையில் என்றார். விழட்டும் என்றாள் அவள்.

முதல் சில மாதங்கள் வாடிக்கையாளர்கள் மூட்டை முடிச்சோடு வெளியேறத்தான் செய்தார்கள். இறங்குமுகமான வரைபடத்தோடு துணைத் தலைவர் அவள் மேஜைக்கு வந்து நிற்பார். அவள் தலை நிமிராமல் அடுத்த கோளாறைச் சரிசெய்துகொண்டிருப்பாள். பிறகு வெளியேற்றம் நின்றது. புது ஆட்கள் வந்தார்கள். பழைய ராஜ்ஜியம் திரும்பவில்லை. இனித் திரும்பவும் போவதில்லை. ஆனால் இப்போது இருந்தவர்கள் விரும்பி இருந்தார்கள்.

ஆண்டுவிழாவில், பூட்டில்லாமல் வெளியிட்டது கம்பெனியின் நீண்ட நாள் திட்டம் என்று மேடையில் சொல்ல அவளை அழைத்தார்கள். அப்படி யாராவது சொன்னால் மைக்கைப் பிடுங்கி இல்லை என்று சொல்வேன் என்றாள். அழைப்பு அதோடு நின்றது.

விழா அரங்கில் கைதட்டல் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவளும் அந்த நால்வரும் கேன்டீனில் உட்கார்ந்து, கம்பெனியின் கடிதம் எழுதும் மென்பொருளில் இருந்த பூட்டையும் கழற்றத் தொடங்கியிருந்தார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.