கூப்பிட்டால் வரும் சேவல்

அன்று காலை என் வீட்டுக்காரர் எபினேசர் வீட்டில் கடைசியாகச் செய்த வேலை, கோழியை அடை வைத்தது. பழைய மூங்கில் கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, முட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அடுக்கினார். இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும் என்று நான் ஒரு இரும்பு போல்ட்டைக் கூடையின் ஓரத்தில் செருகினேன்.

"கம்பெனிலதான் இரும்புன்னா, ஊட்லயுமா?" என்று சிரித்தார். கருப்புப் பெட்டையைத் தூக்கி முட்டைகளின் மேல் உட்கார வைத்தார். அது அவர் விரலைக் கொத்தவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு தேர்வாய் கண்டிகை கம்பெனிக்குக் கிளம்பிப் போனார்.

கொத்தாத கோழி வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அடையில் இருக்கும்போது கை விட்டால் கொத்துகிற பெட்டையின் முட்டையைப் பொரிக்க விடமாட்டார், அது ஆம்லெட்டுக்கு. ஆள்மேல் பாய்கிற சேவல் குழம்புக்கு. மிஞ்சியவற்றை மட்டும் ஜோடி சேர்ப்பார். பொரித்த குஞ்சுகளை உள்ளங்கையில் ஏற்றி, ஊறவைத்த நொய்யைக் கையிலிருந்தே தின்னப் பழக்குவார். பல வருஷம் இப்படிச் செய்ததில்தான் அந்தச் செவலைச் சேவல் வந்தது. "பா" என்று ஒருமுறை சொன்னால் போதும், தெருக்கோடியிலிருந்து ஓடிவந்து மணிக்கட்டில் ஏறிக்கொள்ளும்.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா, "இன்னாண்ணே, உங்கூட்டு சேவலுக்கு ரோஷமே கெடையாதா?" என்று சீண்டுவாள்.

"ரோஷம் இருந்ததெல்லாம் கொழம்பாயிடுச்சும்மா" என்பார் இவர்.

அன்று மாலை ஷிப்ட் முடிந்து, கைகால் கழுவி, சட்டை மாற்றி, சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தவரை ஒப்பந்தக்காரர் பார்த்திபன் கைதட்டிக் கூப்பிட்டாராம். கன்வேயர் பெல்ட்டில் என்னமோ சிக்கியிருக்கிறது, பத்து நிமிஷ வேலை என்றாராம். பக்கத்தில் நின்ற சின்னதுரை என்னிடம் சொன்னது இது. இவர் திரும்பிப் போனார். உள்ளே குனிந்திருந்தபோது யாரோ பெல்ட்டை ஓடவிட்டார்கள்.

பார்த்திபன் போலீசில் சொன்னது வேறு. யாரும் கூப்பிடவில்லை, வேலை முடிந்த பிறகு எபினேசர் தானாக உள்ளே போனார் என்றார். சின்னதுரைக்கு அவரிடம்தான் வேலை. அவன் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. தானாக. அந்த ஒரு சொல்லைத்தான் சோற்றோடு சேர்த்து மென்றுகொண்டிருந்தேன்.

நினைவு ஜெபத்தன்று கருப்புப் பெட்டை இன்னும் அடையில் இருந்தது. பார்த்திபன் பழக்கூடையோடு வந்தார். என் கொழுந்தன் ராபினுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அண்ணன் வேலையைத் தம்பிக்குத் தருவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெரிய மனுஷனுக்கு பிராய்லர் கறியா போடுவது என்று, என்னைக் கேட்காமலே கொல்லைப்பக்கம் போயிருக்கிறான். போதகர் நீளமாக ஜெபித்தார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது நாட்டுக்கோழிக் குழம்பு மணந்தது.

பந்தியில் ராபின் பெருமையாகச் சொன்னான். துரத்தவே வேண்டியிருக்கவில்லையாம். "பா" என்றதும் செவலை அவன் கையில் வந்து ஏறிக்கொண்டதாம்.

பார்த்திபன் எலும்பைக் கடித்துக்கொண்டே சிரித்தார். "வளத்தவன் மாதிரியேதான். எபியும் அப்டித்தான்மா. ஒரு வாட்டி கூப்ட்டா போதும், இன்னா ஏதுன்னு கேக்கமாட்டான், வந்து நிப்பான். அன்னிக்குக்கூட ஊட்டுக்குப் போய்க்கினு இருந்தவன..."

அங்கே நிறுத்தினார்.

நான் குழம்பு வாளியோடு அவர் எதிரில் நின்றிருந்தேன். "அன்னிக்குக் கூப்ட்டீங்களா சார்?"

"அண்ணி" என்றான் ராபின்.

"நீ இரு. கூப்ட்டீங்களா?"

பார்த்திபன் தண்ணீர் கேட்டார். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. சின்னதுரை தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் இன்னொரு கரண்டி குழம்பை அள்ளிப் பார்த்திபன் இலையில் ஊற்றினேன்.

"சாப்புடுங்க சார். இதுவும் தானா வந்ததுதான்."

அவர் பாதியில் இலையை மூடிவிட்டு எழுந்தார். அவர் சொன்னது பந்தி முழுக்கக் கேட்டிருந்தது. கேட்டவர்களில் ஒருவர்கூட என்னோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு வரவில்லை. ராபின் இப்போது அதே பெல்ட்டில் வேலை செய்கிறான்.

கருப்புப் பெட்டை குஞ்சு பொரித்தது. எல்லாம் செவலையின் குஞ்சுகள். ஒன்றைக்கூட நான் கையில் எடுக்கவில்லை. நொய்யைத் தூர வீசினேன். பக்கத்தில் வந்தால் துடைப்பத்தால் தரையில் அடித்தேன். மனுஷக் கை என்றால் ஓட வேண்டும், ஓட முடியாவிட்டால் கொத்த வேண்டும். அதைத்தான் இவர் எதற்கும் கற்றுக்கொடுக்கவில்லை. கன்னியம்மா, குஞ்சு இன்னாடி பண்ணுச்சு பாவம் என்றாள். துடைப்பம்தான் தேய்ந்தது.

நேற்று அடைக்கூடையைக் கழுவ எடுத்தேன். போல்ட் துருப்பிடித்து அதே ஓரத்தில் இருந்தது. அதைப் பிடுங்கக் குனிந்து ஒரு கையைத் தரையில் ஊன்றினேன். கொண்டை முளைக்க ஆரம்பித்த செவலைக் குஞ்சு ஒன்று ஓடிவந்து மணிக்கட்டில் ஏறியது. உதறினேன். விழுந்து எழுந்து மறுபடியும் ஏறியது. விரலை அதன் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

கொத்தவில்லை.