எங்கள் தெருவில் பெண்ணாட்சி

பங்குனி உத்திரப் பட்டிமன்றத்தில் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார் கோதண்டபாணி வாத்தியார். பெண்கள் ஆண்டால் சமூகம் சிறக்குமா என்பது தலைப்பு. “டில்லியில ஒரு அம்மா ஆளுறாங்க. பெரிய காஞ்சிபுரத்துல நீ ஒரு தெருவையே ஆண்டுக்கினு இருக்கிற. நீ பேசலேன்னா வேற யாரும்மா பேசுவாங்க?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருஷம் தெருவை ஆண்டதில் நான் கண்ட பலன் இடுப்புவலிதான். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

எங்கள் தெருவில் தறி இல்லாத வீடு கிடையாது. தறியில் ஏற்றுவதற்கு முன், சேலையின் நெடுக்கிழையான பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு விரித்து, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். ஒரு விடியலுக்கு ஒரு பாவுதான். யாருக்கு எந்த நாள் என்று முறை வைப்பது முன்பெல்லாம் ஆண்கள் வேலை. வைத்த அழகைத்தான் ஊரே பார்த்ததே! ஒரு நாள் கைலாசமும் கந்தனும் என் முறை, உன் முறை என்று கட்டிப் புரண்டார்கள். விரித்த பாவு முழுவதும் சாக்கடையில் விழுந்தது. “இனிமே பொம்பளைங்களே பாத்துக்கட்டும்பா” என்று பெரியவர்கள் கையைக் கழுவினார்கள். பெண்கள் கூடி, “இந்திராணிதான் சரி” என்று என்னைப் பிடித்து மாட்டிவிட்டார்கள்.

நன்றாகத்தான் நடத்தினோம். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஒரு சிலேட்டில் வரிசையாகப் பெயர் எழுதி என் வாசலில் மாட்டினேன். பிள்ளை பெற்ற வீடு, நோயாளி இருக்கும் வீடு என்றால் முதல் இடம். சண்டை நின்றது.

ஆனால் ஒரு பழைய வழக்கம் இருந்தது. மாதவிலக்கால் தூரமான பெண், தெருவில் விரித்த பாவைத் தொடக்கூடாது, தொட்டால் இழை அறும் என்பார்கள்; சுருளாக இருந்தால் தோஷமில்லை. ஆண்கள் முறை வைத்த காலத்தில் இதை யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்க அவர்களுக்கு வெட்கம். பாவின் தலைமாட்டை அந்தந்த வீட்டு ஆள்தான் பிடிக்க வேண்டும். வீட்டில் வேறு ஆள் இல்லாதபோது நாங்கள் ஒருத்திக்கொருத்தி கண்ணைக் காட்டிக்கொண்டு பிடித்துவிடுவோம். நான் பிடித்திருக்கிறேன். எதிர்வீட்டு லோகாம்பாள் பிடித்ததும் எனக்குத் தெரியும்.

அதே லோகாம்பாள்தான், பொறுப்பு எங்கள் கைக்கு வந்த பிறகு பயந்தாள். “பொம்பளைங்க கையில குடுத்தாங்க, ஆச்சாரமே போச்சுன்னு ஆம்பளைங்க சொல்லிடக் கூடாது பாரு. தொடறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தியையும் கேட்டுடணும்” என்றாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. தலையை ஆட்டினேன். நாங்களாகப் போட்ட ஒரே சட்டம் அதுதான்.

போன ஐப்பசியில் நாலு நாள் அடைமழை. ஐந்தாம் நாள், புதன்கிழமை விடியலில் வானம் வெளுத்தது. அன்று ஏலவார்குழலியின் முறை. அந்தக் கந்தனின் பெண்சாதிதான் அவள். என் பக்கத்து வீடு. கொல்லையும் கிணறும் இரண்டு வீட்டுக்கும் பொது. கந்தன் மார்ச்சளியோடு இரண்டு மாதமாகப் படுக்கையில் கிடந்தான். அவள்தான் தறியில் உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் பாவு தறியில் ஏறாவிட்டால் வேறு தறிக்குக் கொடுத்துவிடுவதாக முதலாளி திருஞானசம்பந்தம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“தூரமில்லையே குழலி?” என்று லோகாம்பாள் கேட்டாள்.

குழலி பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் தெம்பில்லாமல் இருந்தாளோ என்னவோ.

“நேத்துதான் ஆச்சு” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். “வீட்டுல வேற ஆளு இல்லக்கா. இந்த ஒரு தபா விட்டுடுங்க. மஞ்சத்தண்ணியில கையைக் கழுவிக்கினு வந்து பிடிக்கிறேன்.”

அத்தனை பெண்களும் என் முகத்தைப் பார்த்தார்கள். அன்று எனக்கும் இரண்டாம் நாள். தொடப்போவதில்லையே, சிலேட்டோடு தள்ளித்தானே நிற்கப்போகிறேன் என்று வந்திருந்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன் கிணற்றடியில் நான் துணி அலசியதைக் குழலி பார்த்திருந்தாள்.

“சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா” என்றேன்.

அவள் குனிந்து தன் பாவுச் சுருளைத் தூக்கினாள். லோகாம்பாள் சிலேட்டைப் பார்த்தாள். அடுத்த பெயர் என்னுடையது. என் வீட்டுக்காரர் தாமலில் மகளைப் பார்க்கப் போயிருந்தார். சாயங்காலம்தான் வருவார். தலைமாட்டை நான்தான் பிடிக்க வேண்டும்.

“கேக்கறேன்னு தப்பா நெனைக்காத இந்திராணி. நீ சுத்தம்தானே?”

 தோளில் பாவோடு வீட்டுப்படி ஏறிக்கொண்டிருந்த குழலி திரும்பாமலே சொன்னாள்: “அக்காளுக்குப் போன வாரமே முடிஞ்சிடுச்சு. கெணத்தடியில நான்தான் பாத்துக்கினு இருந்தேனே.”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளே போய் என் பாவை எடுத்துவந்து தலைமாட்டைப் பிடித்தேன். தெருவே சேர்ந்து விரித்தது. வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்தது. ஓர் இழைகூட அறவில்லை.

“பாத்தியா, சுத்தபத்தமா பண்ணா எப்படி அமையுது!” என்றாள் லோகாம்பாள்.

அன்று சாயங்காலமே மழை மறுபடி பிடித்து ஒரு வாரம் விடவில்லை. சனிக்கிழமை முதலாளியின் ஆள் வந்து குழலியின் பாவைப் பிள்ளையார்பாளையத்துக்கு எடுத்துப் போனான். அவள் தறி இன்றுவரை சும்மா கிடக்கிறது. கூலிக்கு நூல் சுற்ற யார் யார் வீட்டுக்கோ போகிறாள். ஒரு நாள் கிணற்றடியில் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“ஏண்டி அன்னிக்கு என்னைக் காட்டிக் குடுக்கல?”

வாளியை உள்ளே விட்டுக்கொண்டே சொன்னாள்: “குடுத்திருந்தா என் பாவு தறியில ஏறியிருக்குமாக்கா? ரெண்டு தறி நின்னுருக்கும், அவ்ளோதான்.”

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வாத்தியார் நாளைக்குப் பதில் கேட்டு வருவார். ஆண்களைவிட நன்றாக ஆண்டோம் என்று நான் மேடையில் சொன்னால் அது பொய்யில்லை. கைதட்டுவார்கள். அதிகாரம் இல்லாத காலத்தில் கண்ணசைவில் ஒருத்தியை ஒருத்தி காப்பாற்றிக்கொண்டிருந்தோமே, அதை என்ன செய்தோம் என்று யாராவது கேட்டால்? குழலி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். கேட்கமாட்டாள்.

அன்றைக்கு என் பாவில் ஓர் இழையாவது அறுந்திருக்கக் கூடாதா என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அறுந்திருந்தால், அவளைத் தடுத்ததற்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும்.