வெண்டல் வீட்டு எறும்பு

1

இந்தக் கதை பிறந்த இடம் என் சட்டைக் காலர். இரண்டு மாதம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை கொய்யா மரத்தடியில் நின்றிருந்தபோது உள்ளே எறும்பு விழுந்து கழுத்தைப் பதம் பார்த்துவிட்டது. எரிமலைத் தீவில் இருக்கும் இந்த ஹீலோ ஊருக்கு வந்து பத்தொன்பது வருடமாகிறது. மழையைப் பொறுத்துக்கொண்டேன், எரிமலைப் புகையைப் பொறுத்துக்கொண்டேன். எள்ளில் பாதிகூட இல்லாத இந்தச் சின்ன நெருப்பெறும்பைப் பொறுக்க முடியவில்லை. எரிச்சலோடு எழுத உட்கார்ந்தேன்.

"மழை ஓய்ந்த மாலையொன்றில், தனிமையின்..."

(அடித்துவிட்டேன். எறும்பு கடித்தவனுக்கு எங்கிருந்து வந்தது தனிமை?)

"பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து ஓய்வுபெற்ற லோர்னா யோஷிமுராவுக்கு எறும்பை ஒழிப்பதே முழுநேர வேலை."

இது இருக்கட்டும்.

2

லோர்னா என் பக்கத்து வீட்டுக்காரர். ஆறு வாரத்துக்கு ஒருமுறை வேர்க்கடலை வெண்ணெயில் மருந்தைக் குழைத்து மரம் மரமாகப் பீய்ச்சுவார். அது காய ஒரு நாள் மழையில்லாமல் இருக்க வேண்டும். ஹீலோவில் அப்படி ஒரு நாள் கிடைப்பதற்குள் உயிர் போய்விடும். அப்படியும் செய்வார்; எறும்பு திரும்பி வரும்.

வருவது அடுத்த வீட்டு வெண்டல் கஹேலேயின் தோட்டத்திலிருந்துதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வெண்டல் மீன் பிடிப்பவர். மனைவி நோஹேயா இறந்து இரண்டு வருடம். மருந்து வைப்பதில்லை. அவருடைய நாய் கோனாவுக்கு எறும்பு கொட்டிக் கொட்டி இடது கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது.

"அந்த மனுஷனுக்கு எத்தன தடவதான் சொல்றது? எறும்புக்கு வேலி தெரியுமா?" என்று என்னிடம் கத்துவார் லோர்னா, வெண்டலிடம் நான்தான் போய்ச் சொல்லாமல் இருக்கிறேன் என்பதுபோல.

(முதல் பிரதியில் வெண்டலைக் குடிகாரச் சோம்பேறியாக்கியிருந்தேன். அன்றைக்கே இரண்டு மீனோடு வாசலில் வந்து நின்றார். செதில் எடுத்து, குடல் நீக்கி. கதையில் அவர் கையிலிருந்த பீரை அடித்துவிட்டேன்.)

3

எறும்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க இங்கே எல்லோருக்கும் ஒரு வழி தெரியும். சாப்பிடும் குச்சியில் வேர்க்கடலை வெண்ணெயைத் தடவித் தரையில் வைத்து, ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பது. வெண்டல் கடலுக்குப் போன ஒரு காலையில் லோர்னா தன் வேலியிலிருந்து அவர் வாசற்படி வரை இருபது குச்சிகள் வைத்தார். ஆதாரத்தை மூஞ்சிக்கு நேரே காட்டிவிடுவது என்று.

வேலியோரக் குச்சிகளில் நாலைந்து எறும்புகள். வாசலை நெருங்க நெருங்கக் கூட்டம். கடைசிக் குச்சியில் குச்சியே தெரியவில்லை. அதன் பக்கத்தில் விளிம்பு உடைந்த நீலத் தொட்டி, அதில் ஆந்தூரியம் பூச்செடி.

தொட்டி லோர்னாவுடையது. நோஹேயாவின் அடக்கத்தன்று அவர் கொண்டுபோய்க் கொடுத்தது. இந்த ஊரில் யாரும் யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போவதில்லை. தன் தோட்டத்தில் எறும்பு இருப்பதே அன்று அவருக்குத் தெரியாது; தொட்டி மண்ணோடு அதுவும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"லோர்னாவின் கண்களில் நீர் திரள..."

(பொய். கெட்ட வார்த்தை சொன்னார். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.)

4

செடியை மருந்துத் தண்ணீரில் முக்க வேண்டும், அல்லது எரிக்க வேண்டும். கோனா படுப்பது அந்தத் தொட்டியை ஒட்டித்தான். இப்படியே விட்டால் வலது கண்ணும் போய்விடும் என்று மாட்டு டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே லோர்னா போய் உண்மையைச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் கதை. இதற்கே என் பிராணன் போகிறது.

கதையில் முதல் தடவை அவரை அனுப்பினேன். வெறுங்கையோடு போக மாட்டேன் என்றார். வீட்டில் கொடுக்க இருந்ததோ அவகாடோவும் இஞ்சிப்பூவும். இரண்டிலும் எறும்பு இருக்கலாம். பாதி வழியில் திரும்பிவிட்டார்.

இரண்டாவது தடவை தேங்காய்ப்பால் மோச்சி என்ற அரிசிமாவுப் பலகாரம் சுட்டுக் கொடுத்தனுப்பினேன். வெண்டல் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுத் தொட்டியைக் காட்டினார். "நோஹேயா போனப்புறம் இங்க நல்லா வளர்றது இது ஒண்ணுதான். நீ குடுத்தது."

"ஆமா, நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார் மகராசி. எனக்கு மடிக்கணினியை வேலிக்கு மேல் வீசலாம் போலிருந்தது.

வேறு முடிவுகளும் பார்த்தேன். லோர்னா தொட்டியைத் திருடுகிறார்: வெண்டல் தெருத் தெருவாகத் தேடுவார், முடியாது. "எனக்குத் தெரியும் லோர்னா, நீ குடுத்ததாச்சேன்னுதான் பேசாம இருந்தேன்" என்கிறார் வெண்டல்: நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வீர்கள், ஆனால் தெரிந்தே நாயின் கண்ணைக் கொடுப்பவரா அவர்? கதவைச் சாத்திவிடுகிறார், அப்புறம் பேச்சே இல்லை: நடக்கக்கூடியது இதுதான். லோர்னா பயப்படுவதும் இதற்குத்தான்.

5

நேற்று பொறுக்க முடியாமல் லோர்னாவிடமே கேட்டேன், எப்போது சொல்வதாக உத்தேசம் என்று.

"உனக்கும்தான் ஒரு மாசமா தெரியும்," என்றார். "நீ சொன்னியா?"

சொல்லவில்லை. கதையை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன். அது சாக்கு. வெண்டல் முகம் என் எதிரில் மாறுவதை நான் பார்க்க விரும்பவில்லை, அவ்வளவுதான்.

முடிவு எழுத மாட்டேன். இப்போது மணி மூன்றரை. நாலு மணிக்கு வெண்டல் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வருவார். எறும்பு கொட்டிய கையைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டு மறுபடி ஊற்றுவார். அந்த நாய் தொட்டியடியில் படுத்திருக்கும். நீங்கள் போய்ச் சொல்லுங்கள். எங்கள் இரண்டு பேர் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.