இறக்கை வாங்கப் போன ஊர்வலம்

கடலோர ஊரான பயாயிபேயில் யாரும் தனியாகக் கடைக்குப் போவதில்லை. செருப்பு வாங்கக் கிளம்பினாலும் வழியில் இரண்டு பேர் சேர்ந்துகொள்வார்கள். கடை வாசலை எட்டுவதற்குள் செருப்பின் நிறத்தைப் பற்றிக் கட்சி பிரிந்திருக்கும். வில்கின் அன்று வாங்கப் போனதோ கடலுக்கடியில் மாட்டிக்கொள்ளும் சாமான். ஆகவே மளிகைக் கடை வாசலில் டொமினோ ஆடிக்கொண்டிருந்த மேசை மொத்தமும் எழுந்து அவன் பின்னால் நடந்தது. ஒருவர் தன் பிளாஸ்டிக் நாற்காலியையும் தூக்கிக்கொண்டார். அங்கே உட்கார இடம் இருக்குமோ இருக்காதோ என்ற முன்யோசனை.

வில்கினுக்குக் கடற்கரை ஓட்டலில் ஆம்லெட் போடுகிற வேலை. வெளிநாட்டு விருந்தாளிகள் வரிசையில் நின்று, வெங்காயம் வேண்டும், குடமிளகாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முந்தின நாள் கடலுக்கடியில் பார்த்த அதிசயங்களைப் பேசிக்கொள்வார்கள். தன் ஊர்க் கடலுக்குள் என்ன இருக்கிறது என்பதை, முட்டையைப் புரட்டியபடி, வேறு நாட்டுக்காரன் வாயால் கேட்டே அவனுக்குப் பல வருடங்கள் ஓடிவிட்டன. ஒரு நாள் அது உறைத்தது. ஸ்கூபா பயிற்சியில் சேர்ந்தான், தேறியும் விட்டான். முதல் தடவை கீழே போய்வந்த அன்று ராத்திரி அவனுக்குத் தூக்கமே வரவில்லை.

அந்தச் சமயம் பார்த்து, சிங்கமீன் வேட்டைப் போட்டிக்கான ரஃபேலினாவின் அணியில் ஓர் இடம் காலியானது. நான்காவது ஆளுக்கு நியூயார்க் விசா வந்துவிட்டது. ரஃபேலினா கரையில் அழகு நிலையம் நடத்துபவள். தண்ணீரில் இறங்கினால் கேப்டன். சிங்கமீன் பார்க்க மகாராணி மாதிரி இருக்கும், பவளப்பாறையின் மற்ற மீன் குஞ்சுகளையெல்லாம் தின்று தீர்க்கும். அதைக் குத்தி எடுக்கத்தான் போட்டி. வில்கின் போய் இடம் கேட்டான்.

"வியாழக்கிழமை ஒரு பரீட்சை வெக்கிறேன்" என்றாள் ரஃபேலினா. "தண்ணிக்குள்ள அந்தரத்துல ஆடாம நிக்கணும். போட்டியில உன் கால் பாறையில பட்டா மொத்த அணியையும் வெளிய அனுப்பிடுவாங்க. நின்னு காட்டு, இடம் உனக்கு. வாடகைக்குக் குடுக்கிற காத்துச் சட்டையோட வராத, உன் உடம்புக்குப் பொருந்தினத வாங்கிட்டு வா."

உடம்புக்குப் பொருந்தினது என்று அவள் சொன்னது துண்டு துண்டாக வாங்கிக் கோத்துக்கொள்ளும் சாமானை. முதுகுக்கு ஓர் இரும்புத் தகடு. தகட்டில் கோத்து உடம்பைச் சுற்றிக் கட்ட ஒரு நீளப் பட்டை. தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு காற்றுப் பை. முதுகின் இரு பக்கமும் விரிவதால் அதற்கு இறக்கை என்று பெயர். காற்றை ஏற்றினால் மேலே, இறக்கினால் கீழே. ஒவ்வொரு துண்டையும் அவரவர் உடம்புக்குத் தக்கபடி நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம். அதாவது, கடைக்குத் தனியாகப் போனால்.

கடைக்காரி எரிடானியா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி வந்தாள். "எடை எவ்வளவு?"

பின்னால் டொமினோ மேசை காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"எண்பத்திரண்டு" என்றான் வில்கின்.

உண்மையில் நூற்று நான்கு கிலோ. நாற்காலிக்காரர் மட்டும் லேசாக இருமினார்.

எரிடானியா ஒரு சின்ன இறக்கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். உடனே கூட்டத்தை விலக்கிக்கொண்டு கொன்ஃபெசோர் முன்னால் வந்தார். வில்கினின் பெரியம்மா மகன். வாழ்க்கையில் முழங்காலுக்கு மேல் கடலில் நனையாதவர். அதனால் கடலைப் பற்றிக் கருத்துச் சொல்ல அவருக்கு எந்தத் தடையும் இல்லை. அவருடைய காரின் பின்புறம் முழுக்க ஒலிபெருக்கி. எஞ்சின் பெரும்பாலும் ஓடாது. வண்டி எங்கேயும் போகாது, எல்லா இடத்திலும் கேட்கும்.

"இது என்னம்மா, கைக்குழந்தைக்கு எச்சில் துணியா?"

"ஒத்தை சிலிண்டருக்கு இதுதாண்ணே. நம்ம தண்ணி வெதுவெதுன்னு இருக்கு, மெல்லிசு உடுப்புதான் போடுவாரு. இதுவே தாராளம்."

"செவுத்துல கருப்பா தொங்குதே, அது?"

"அது குகைக்குள்ள போறவங்களுக்கு. ரெட்டை சிலிண்டர் மாட்டுவாங்க."

"ரெட்டையவே தூக்கும்னா ஒத்தைய இன்னும் நல்லாத் தூக்குமே."

கணக்கு சரியாக இருப்பதாக மேசை தலையாட்டியது.

"அப்படி இல்லண்ணே. பெருசுல காத்து உள்ள கண்டபடி உருளும். அது வெலையும் ஜாஸ்தி. நானே வேணாங்கறேன்."

விற்கிறவளே வேண்டாம் என்றால் அதில் ஏதோ மகத்துவம் இருக்கிறது என்று கூட்டம் முடிவு செய்தது. கொன்ஃபெசோர் வில்கினின் காதோடு சொன்னார்: "டேய், அந்தச் சின்னத மாட்டிட்டு ஊருக்குள்ள நடந்தா நாலு பேர் என்னடா சொல்லுவாங்க?"

இல்லாததை இருப்பதாகக் காட்டுவதற்கு இந்த ஊரில் அயாந்தே என்று பெயர். அசல் பந்தாதான், உச்சரிப்பு வேறு. வில்கின் சுவரில் தொங்கியதைக் கை காட்டினான்.

பட்டை அளக்கும் நேரம் வந்தது. வில்கின் வயிற்றை முதுகெலும்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான்.

"மூச்ச விடுங்க" என்றாள் எரிடானியா.

"விட்டுட்டேன்" என்றான் அவன், உதடு அசையாமல்.

அவள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு பட்டையை வெட்டினாள்.

வியாழக்கிழமை படகில் கொன்ஃபெசோரும் ஏறிக்கொண்டார், போனில் படம் பிடிப்பதற்காக. கருப்பு இறக்கை வில்கினின் முதுகில் பிரமாதமாக இருந்தது. படகில் இருந்தவரை யாரும் அதில் ஒரு குறை சொல்லியிருக்க முடியாது.

"முழுகறதுக்கு எவ்வளவு ஈயம் கட்டியிருக்க?" என்றாள் ரஃபேலினா.

"எட்டுக் கிலோ."

"முதுகுல இரும்புத் தகடு வெச்சிருக்க. அதுவே உன்னக் கீழ இழுக்கும். பாதிய எறக்கு."

போன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. "எனக்கு இதான் பழக்கம் கேப்டன்" என்றான் வில்கின். வாழ்க்கையில் மொத்தமே நாலைந்து தடவை முழுகியவன்.

"சரி. பாறைப் பக்கம் போக வேணாம், மணலுக்கு மேலயே நில்லு. ஆழம் இல்ல. ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்க. என்ன ஆனாலும் மூச்சப் பிடிக்காத."

வில்கின் இறங்கினான் என்று சொல்வதைவிட விழுந்தான் என்பதே பொருத்தம். மணலில் உட்கார்ந்த பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. கடையில் உள்ளே இழுத்த வயிறு இப்போது தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது, பட்டை திரும்பவில்லை. முழு மூச்சு எடுக்க முடியாமல் நாய் மாதிரி இரைத்தான். எழும்புவதற்காகப் பைக்குக் காற்றைக் கொடுத்தான். எழவில்லை. இன்னும் கொடுத்தான். ரெட்டை சிலிண்டருக்குத் தைத்த அந்தப் பெரிய பை, கறியை வைத்து மாவை மடிப்பதுபோல ஒற்றை சிலிண்டரைச் சுற்றி மடிந்துகொண்டது. காற்று முழுவதும் ஒரு பக்கமாக ஓடியது. வில்கின் சாய்ந்தான், பிறகு மேலே கிளம்பினான்.

காற்றை இறக்கும் பொத்தானை அழுத்தினான். காற்று அந்தப் பக்கம் இல்லை. மேலே போகப் போகப் பைக்குள் காற்று விரிந்தது. விரிய விரிய வேகம் கூடியது. ரஃபேலினா பாய்ந்து அவன் காலைப் பிடித்தாள். அவன் காலில் மாட்டியிருந்த நீச்சல் துடுப்பு மட்டும் கையோடு வந்தது. வில்கின் பயத்தில் வாய்விட்டுக் கத்தினான். கத்தியதால்தான் மூச்சு வெளியே போனது. அன்றைக்கு அவன் செய்த ஒரே சரியான காரியம், தெரியாமல் செய்தது.

பாட்டில் தக்கைபோல் தண்ணீரைப் பிளந்துகொண்டு, அவன் கொன்ஃபெசோரின் போனுக்கு நேர் முன்னால் எழும்பினான்.

படகில் ஏற்றியதும் ரஃபேலினா முதலில் பட்டையை அவிழ்த்தாள். அவன் நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்கியதைப் பார்த்த பிறகுதான் பேசினாள்.

"மூச்ச அடக்கியிருந்தா நுரையீரல் கிழிஞ்சிருக்கும். உங்கண்ணன் அதையும் படம் எடுத்திருப்பாரு."

கொன்ஃபெசோர் போனைப் பைக்குள் வைத்தார்.

"யாரு இந்த இறக்கையத் தேர்ந்தெடுத்தது?"

வில்கின் கொன்ஃபெசோரைப் பார்த்தான். கொன்ஃபெசோர் அடிவானத்தைப் பார்த்தார்.

"நான்தான்" என்றான் வில்கின். "சொன்னது வேற ஆளு. கை காட்டினது நான்தானே. எடையையும் கொறைச்சுச் சொன்னேன். அளக்கும்போது வயித்தையும் இழுத்துக்கிட்டேன்."

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. தகட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"தகடு அருமையான தகடு. அத மாத்த வேணாம். இந்தச் சாமான்ல இருக்கிற வசதியே அதான். பொய் எந்தத் துண்டுல இருக்கோ அத மட்டும் கழட்டிடலாம். மனுசனுக்குத்தான் இப்படித் தனித்தனியாக் கழட்ட வராது."

"எனக்கு இடம்?"

"சனிக்கிழமை காலையில பேரக் குடுக்கணும். நாளைக்குச் சாயந்தரம் இன்னொரு தடவை பாக்கறேன். இதே இறக்கையோட வந்தா படகுல ஏத்த மாட்டேன்."

மறுநாள் வேலை முடிந்ததும் வில்கின் யாருக்கும் தெரியாமல் கடைக்குப் போகப் பார்த்தான். அதற்குள் தக்கை எழும்பிய படம் ஊர் பூராவும் எல்லாப் போனுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ஊர்வலம் முன்னைவிட நீளம். இந்தத் தடவை நாற்காலிகளும் இரண்டு.

எரிடானியா ஒன்றும் கேட்காமல் அளவு நாடாவை எடுத்தாள். பிறகு, கேட்க வேண்டியதைக் கேட்டாள். "எடை?"

வில்கினின் காது சூடேறியது. இன்று சாயந்தரம் தவறினால் அடுத்த வருடம்வரை ஆம்லெட்டும் அடுத்தவன் கதையும்தான்.

"நூத்தி நாலு" என்றான்.

"கேக்கல" என்றது பின்வரிசை.

வில்கின் திரும்பி நின்றான். "நூத்தி நாலு. முழு நூறு, அதுக்கு மேல நாலு. வயிறும் இதுதான், நல்லாப் பாத்துக்கங்க. நீங்க அளங்க எரிடானியா, நான் இழுத்துப் பிடிக்கப் போறதில்ல."

எரிடானியா நாடாவைச் சுற்றினாள். வில்கின் மூச்சை விட்டான். எத்தனை வருடத்து மூச்சோ, நீளமாக வந்தது. நாடாவில் கூடுதலாக ஒரு கை அளவு போனது.

"நானும் எண்பத்திரண்டுன்னுதான் வெளிய சொல்றது" என்று நாற்காலிக்காரர் யாரையும் பார்க்காமல் சொன்னார். அவருக்குக் கீழே நாற்காலி கிறீச்சிட்டது.

கொன்ஃபெசோர் கடைசி முயற்சியாக வில்கினின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "டேய், மறுபடியும் அந்தச் சின்னதா? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு நேத்தே சொல்லிடுச்சுண்ணே. இனிமே சொல்ல மிச்சம் என்ன இருக்கு?"

புதுப் பட்டை கோத்தாயிற்று. கருப்பு இறக்கைக்கும் எரிடானியா வழி சொன்னாள். குகைக்குள் போகிற ஒருவர் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் சின்னது ஒன்று சும்மா கிடந்தது. மாற்றிக்கொண்டார்கள். இருவரில் யாருக்குச் சந்தோஷம் அதிகம் என்று சொல்வது கஷ்டம்.

அன்று சாயந்தரம் ஈயத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு வில்கின் இறங்கினான். விழவில்லை, இறங்கினான். மணலுக்கு மேல் ஒரு முழம் இருக்கும்போது பையில் துளிக் காற்று விட்டான். இறங்குவது நின்றது. அவன் நின்றான். கீழே மணல், மேலே தண்ணீர். நடுவில், தன் எடையைச் சொல்லக் கூசிய உடம்பு, எடையே இல்லாமல். மூச்சை இழுத்தால் ஒரு விரல் உயர்ந்தான். விட்டால் ஒரு விரல் தாழ்ந்தான். பட்டை அவனோடு சேர்ந்து மூச்சு விட்டது. ஊதா நிறத்துப் பவள விசிறிகள் எதிரே அசைந்தன. பாறை இடுக்கில், முட்களை விரித்துக்கொண்டு, சிங்கமீன் ஒன்று அவனை அலட்சியமாகப் பார்த்தது. அவன் சிரித்ததில் முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறியது. அதையும் ஊதி வெளியேற்றினான், நின்ற இடம் மாறாமல்.

ரஃபேலினா நீந்தி வந்து அவனை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை போட்டிப் படகுகள் வரிசையாக நின்றன. பக்கத்துப் படகு அணிக்கு உடுப்பு, துடுப்பு, பை எல்லாம் ஒரே சிவப்பு, எல்லாம் பெரிய அளவு. வழியனுப்ப வந்த கொன்ஃபெசோருக்கு நிலைகொள்ளவில்லை.

"டேய், எல்லாரும் உன்னையேதான் பாக்குறானுங்க. அந்தப் பையக் கொஞ்சம் மறைச்சுக்க. வயித்த உள்ள இழு."

வில்கினுக்குக் கோபம் வரவில்லை. அண்ணனின் தோளில் கை போட்டுச் சொன்னான்:

"பாக்கட்டும்ணே. அவங்க கண்ணுக்காக வாங்கினத மாட்டிக்கிட்டுத்தான் அன்னிக்குச் செத்துப் பொழைச்சேன். பாக்கிறவன் பாத்துட்டு வீட்டுக்குப் போயிடுவான். சுமக்கிறது என் முதுகு, மூச்சு விடுறது என் நெஞ்சு. இனிமே எத வாங்கினாலும் இதுங்க ரெண்டையும் கேட்டுத்தான் வாங்குவேன். நாலு பேரக் கேட்டு இல்ல."

தொடக்கக் கொடி அசைந்தது. வில்கின் வயிற்றைத் தளர விட்டு, படகின் விளிம்பிலிருந்து மல்லாந்து கடலுக்குள் சரிந்தான்.