பிச்சி கால் கொடுத்தது

அம்மாவாசிக்கு உலகத்தில் எந்த நோயும் திராட்சை நோய்தான். கம்பத்துக்கும் ராயப்பன்பட்டிக்கும் நடுவில் ஒன்றரை ஏக்கர் பன்னீர்த் திராட்சைப் பந்தலை இருபது வருசமாகக் கட்டிக்காக்கிற மனுசன். இலையில் புள்ளி விழுந்தால் துத்தம், கொடி அழுகினால் துத்தம். மயில்கழுத்து நிறத்தில் அந்த உப்பு ஒரு டப்பா நிறைய எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். தலைவலி வந்தால்கூட அந்த டப்பாவை ஒரு பார்வை பார்ப்பார் என்று அவர் மனைவி ராஜாத்தி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

போன வருசம் வண்டிப் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த ஒரு வெள்ளைக் குதிரையை வாங்கி வந்தார். பேர் பிச்சி. பந்தல் நிழலிலேயே கட்டி, மூன்று வேளையும் ஹோஸ் பிடித்துக் குளம்பைக் கழுவினார். "கால்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், பிச்சி தானாகப் பின்னங்காலைத் தூக்கி அவர் கையில் வைக்கும். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அதைக் காட்டிக்காட்டி அவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஐப்பசி மழையில் அந்தப் பின்னங்குளம்பு நாறியது. அடியில் நடுவாக இருக்கும் மெத்தென்ற பகுதியில் பிளவு விழுந்து, கறுப்பாகச் சீழ் வடிந்தது. அழுகல் என்று தெரிந்ததும் அம்மாவாசி யோசிக்கவே இல்லை. துத்தத்தைச் சுண்ணாம்போடு குழைத்து, பிளவுக்குள் அப்பி, சாக்கு வைத்துக் கட்டிவிட்டார். ஆசையாகத்தான் கட்டினார், பாவம்.

விடிந்தபோது பிச்சி மூன்று காலில் நின்றது. சாக்கை அவிழ்த்தால் சதை வெந்து போயிருந்தது. "கால்" என்றார். பிச்சி காதைப் பின்னால் மடித்து விட்ட உதையில் வாளி பந்தல் கல்தூணில் போய் மோதியது.

கால்நடை டாக்டர் ஜெபா உத்தமபாளையத்திலிருந்து வந்து, மயக்க ஊசி போட்டு, வெந்த சதையைச் சுத்தம் செய்தார்.

"துத்தம் மருந்துதான், இல்லேங்கல. நாங்க கொஞ்சூண்டு கலந்து போடுவோம். நீங்க பச்சைப் புண்ணுல கட்டியே வச்சுட்டீங்க. அதைவிடப் பெரிய தப்பு தண்ணி. குளம்பு காஞ்சு கிடக்கணும். தினம் ரெண்டு வேளை கொக்கியால அழுக்கை எடுத்து, பிரஷ் போட்டு, இந்த மருந்தைத் தொட்டு வைங்க. ரெண்டு நாள் இதைச் செய்யாம விட்டா அழுகல் உள்ள ஏறிரும். அப்புறம் அது எழுந்து நிக்காது."

ராஜாத்திக்குப் பொறுக்கவில்லை. "நான் அன்னைக்கே சொன்னேன்ல? சேத்துப்புண்ணு வந்தவளைச் சேத்துக்குள்ளேயே நிக்க வைப்பாகளா?"

 அம்மாவாசி கொடிக்கு மருந்தடிக்கும் மெஷின் கிடந்த தகரக் கொட்டகையைக் காலி செய்து, மரமில்லிலிருந்து தூள் கொண்டு வந்து, முழங்கால் உயரத்துக்குப் பரப்பி, பிச்சியை அங்கே மாற்றினார். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை என்று அவருக்கே தெரியும்.

ஆனால் பிச்சி கால் கொடுக்கவில்லை. வெல்லத்தைத் தின்றது, காலைக் கொடுக்கவில்லை. முதல் நாள் போயிற்று. மறுநாள் காலையும் போயிற்று. பக்கத்துத் தோட்டத்து ஞானதுரை கயிற்றோடு வந்தார்.

"நாலு பேரு புடிச்சுக் கட்டிருவோம் மாப்ள."

"வேணாம் மாமா. எரிச்சது நானு. இன்னிக்குக் கட்டிப் போட்டேன்னா, நாளைக்கு என் நிழலைப் பாத்தாலே நடுங்கும்."

சாயங்காலம் வெயில் சாயும்போது அம்மாவாசி மரத்தூளில் குதிரைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தார். கையில் கொக்கி இல்லை, பிரஷ் இல்லை. ராஜாத்தி காபியோடு வந்து வாசலில் நின்றதை அவர் பார்க்கவில்லை.

"தப்புத்தான் ஆத்தா," என்றார் பிச்சியிடம். "தெரியாமச் செஞ்சுட்டேன். மன்னிச்சுக்க." சொல்லும்போதே குரல் உடைந்து அழுதுவிட்டார்.

வெகுநேரம் கழித்துப் பிச்சி ஒரு பெருமூச்சு விட்டது. உடம்பைச் சாய்த்து, அந்தப் பின்னங்காலைத் தரையிலிருந்து நாலு விரல் உயரம் தூக்கியது. அவர் கையை மெல்ல அடியில் கொண்டுபோனார். கால் நடுங்கியது, ஆனால் இழுத்துக்கொள்ளவில்லை. ராஜாத்தி காபியை வாசலில் வைத்துவிட்டு ஓடிப்போய்க் கொக்கியையும் மருந்தையும் எடுத்து வந்தாள். அவர் குதிகாலிலிருந்து நுனிப்பக்கமாக, சதையில் படாமல், துளித்துளியாக அழுக்கை எடுத்து மருந்தைத் தொட்டு வைத்தார். பிச்சி காலை ஊன்றியது. நாலு காலில் நின்றது.

ராஜாத்தி காபியை நீட்டினாள். "கல்யாணமாகி இருபத்திரண்டு வருசம் ஆச்சு. மன்னிச்சுக்கங்கிற வார்த்தை உங்க வாயில இருக்குன்னே எனக்குத் தெரியாது."

தரையில் உட்கார்ந்திருந்தவரின் கண்ணுக்கு நேரே அவள் பாதங்கள் இருந்தன. சேற்றுப்புண்ணில் விரலிடுக்கெல்லாம் வெளுத்து ஊறிப் பிளந்திருந்தது. குதிகாலை ஊன்றி, விரல்களை அகட்டி நின்றாள். கம்பத்துக்குப் போகும்போது களிம்பு வாங்கி வரச் சொல்லி மூன்று தடவை கேட்டிருந்தாள்.

அவர் காபியைக் கீழே வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார்.

"உக்காரு ராஜாத்தி. காலைக் காட்டு."

அவள் உட்கார்ந்தாள். காலை நீட்டும் முன்னால் ஒரு நிமிசம் யோசித்தாள்.

"துத்தம் வச்சுற மாட்டீகளே?"